சங்கனும் பதுமனும் பியானோவும்

போன ஆடியில் தபசு பார்க்கச் சங்கரன்கோவில் போயிருந்தேன். அக்கா வீட்டில் தங்கல். அத்தானுக்கு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு வரிசையாகத் தறிகள், ராத்திரி பகல் பார்க்காமல் டக்கு டக்கு டக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும். 'பழகிட்டா, அது நின்னாத்தான் முழிப்பு வரும் மாப்ளே' என்பார் அத்தான்.

முன் அறையில் புதுசாக ஒரு டிஜிட்டல் பியானோ. 88 கட்டை. அதன் மேல் ஒரு பூப்போட்ட துணி. துணி மேல் ஜிஎஸ்டி ஃபைல். 'பாப்பாவுக்கு. தவணையில எடுத்தது' என்றார். பாப்பா ப்ளஸ் ஒன். பொம்மைக் கீபோர்டில் ஆரம்பித்து, கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு மாறி, கிரேடு கிரேடாகத் தேறிக்கொண்டு வருகிறாளாம்.

'மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு. வேகமா ஒண்ணு வாசிப்பியே, அது.'

ஃபைலை எடுத்துவிட்டு வாசித்தாள். இரண்டு கையும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கும் ஹானன் பயிற்சி. துளிப் பிசகில்லை. பின்னால் தறி, முன்னால் பியானோ. இரண்டும் ஒரே லயத்தில் போனதால் கொஞ்ச நேரத்தில் எது எது என்று எனக்குக் குழம்பிவிட்டது. அத்தான் முகத்தில் பெருமை.

'வேற ஏதாச்சும் இருக்கா?'

'ஒண்ணு இருக்கு மாமா. ஆனா அது சும்மா ஸ்டடிதான். அப்பாவுக்குப் பிடிக்காது, மெதுவா இருக்குன்னு.'

அந்த 'சும்மா ஸ்டடி' ஷோப்பானின் ஓபஸ் 10, மூன்றாவது எத்யூட். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். 'நடுவுல ரொம்பக் கஷ்டம். அதைப் பழகினா கை வலிக்கு' என்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். எவ்வளவு நேரம் பழகுகிறாய் என்றேன். லீவு நாளில் ஐந்து மணி நேரமாம்.

சும்மா ஸ்டடி. அந்த வார்த்தை ஊரில் இருந்த மூன்று நாளும் உறுத்தியது. அதனால் இந்த வாரம் அதைப் பற்றி.

*

எத்யூட் என்றால் பிரெஞ்சில் படிப்பு, பயிற்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு பியானோ வாங்கிப் போட்டன. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நம் வீடுகளில் வீணை வாசித்துக் காட்டிய மாதிரி, அங்கே பியானோ. கருவியும் அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1821ல் எரார் கம்பெனி ஒரு புது விசை கொண்டுவந்தது. கட்டை முழுசாக மேலே வருவதற்கு முன்பே மறுபடி அடிக்கலாம். ஒரே ஸ்வரத்தை மழைத்துளி மாதிரி கொட்டலாம். கருவி தயார். விரல்தான் தயாரில்லை.

விரலைத் தயார் பண்ண வாத்தியார்கள் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். பீத்தோவனிடம் படித்த செர்னி எழுதிய பயிற்சிகளுக்குக் கணக்கே கிடையாது. கால்க்பிரென்னர் என்பவர் கையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கட்டையையே பியானோவில் மாட்டச் சொன்னார். பழகும்போது போர் அடித்தால் பேப்பர் படித்துக்கொண்டே பழகலாம் என்றும் யோசனை சொன்னாராம். நம் பாப்பா வாசித்த ஹானன் புத்தகம் 1873ல் வந்தது. 60 பயிற்சிகள். இன்றைக்கும் விற்கிறது.

எல்லாருடைய குறிக்கோளும் ஒன்றே. ஐந்து விரலுக்கும் சம பலம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மோதிர விரலைத் தனியே தூக்கிப் பாருங்கள், தெரியும். பக்கத்து விரல்களோடு தசைநாரால் கட்டுண்டது அது, தன்னிஷ்டத்துக்கு எழுந்திருக்காது. கூட்டுக் குடும்பத்து மருமகள் மாதிரி. அதை வலுக்கட்டாயமாக எழுப்பப் போய்க் கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ராபர்ட் ஷூமன் பியானிஸ்டாகத்தான் ஆசைப்பட்டார். இருபது வயதைத் தாண்டியதும் வலது கை விரல் செயலிழந்தது. ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பழகியதுதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். மருத்துவக் காரணங்களும் சொல்கிறார்கள். எப்படியோ, உலகத்துக்கு ஒரு பியானிஸ்ட் போய் ஓர் இசையமைப்பாளர் கிடைத்தார். எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

*

ஷோப்பான் வார்சாவில் வளர்ந்த பிள்ளை. எத்யூட்களை எழுத ஆரம்பித்தபோது வயது 19. 1831ல் பாரிஸ் வந்ததும், மூன்று வருஷம் என்னிடம் படி என்று கால்க்பிரென்னர் கூப்பிட்டார். யோசித்துவிட்டு, மரியாதையாக மறுத்துவிட்டார். 1833ல் ஓபஸ் 10 அச்சில் வந்தது. 12 எத்யூட்கள், நண்பர் லிஸ்டுக்குச் சமர்ப்பணம். 1837ல் ஓபஸ் 25, இன்னொரு 12. பிறகு ஒரு பாடப் புத்தகத்துக்காக மூன்று. ஆக மொத்தம் 27. பியானோவில் விரல் வைக்கும் முறையையே மாற்றிவிட்டன.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு எத்யூடிலும் விரலுக்கு ஒரே ஒரு சங்கடத்தை எடுத்துக்கொண்டார். ஒன்றில் வலது கை கட்டைகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அகல அகலத் தாவ வேண்டும். இன்னொன்றில் வலது கை ஏறத்தாழ முழுக்கக் கறுப்புக் கட்டையிலேயே ஓட வேண்டும். மற்றொன்று, இரண்டிரண்டு ஸ்வரங்களாகச் சேர்த்துப் பிடித்தபடியே ஓடுவது. இதுவரைக்கும் செர்னி. ஆனால் அந்தச் சங்கடத்திலிருந்தே ஒரு மெட்டை, ஒரு மனநிலையை உருவாக்கினார். விரல் படும் பாடும் மனசு படும் பாடும் ஒரே ஸ்வரங்களில்.

பாப்பா வாசித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒரு தாலாட்டு மாதிரி, மெதுவாக, சுலபமாகக் கேட்கும். கையைப் பார்த்தால் தெரியும் சூட்சுமம். மெட்டு முழுக்க வலது கையின் பலவீனமான வெளி விரல்களில் இருக்கிறது. அதே கையின் மற்ற விரல்கள் அந்த நேரத்தில் சும்மா இல்லை. அடியில் சலசலவென்று துணை வாசிக்கின்றன. பலமான விரல்கள் முணுமுணுக்க வேண்டும், பலவீனமான விரல்கள் பாட வேண்டும். வீட்டில் உரக்கப் பேசுகிறவர்களை அடக்கிவைத்து, வாயே திறக்காத ஒருத்தியைப் பாடச் சொல்வது போல. நடுப் பகுதியில் இரண்டு கையும் ஜோடி ஜோடி ஸ்வரங்களாக விலகிப் பாய்ந்து ஒரு புயல் அடித்து ஓய்ந்து, பழைய மெட்டு திரும்பி வரும். புயலைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அந்தத் திரும்பல் நெஞ்சை அடைக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்தினால் அது வெறும் அழகான மெட்டு.

அத்தானுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கையெழுத்துப் பிரதியில் ஷோப்பான் இதற்கு 'விவாச்சே' என்று எழுதியிருந்தார். துடிப்பாக, வேகமாக. அச்சுக்குப் போகும்போது அதை 'மெதுவாக, ஆனால் ரொம்பவும் வேண்டாம்' என்று மாற்றினார். வேகமாக வாசிக்கத் தெரியாதவரல்ல. இதற்கு வேண்டாம் என்று முடிவு பண்ணினார்.

பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் மனுஷர் தலைகீழ். எல்லா விரலையும் சமமாக்கு என்று ஊர் சொன்னால், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குணம் உண்டு, அதைக் கெடுக்காதே என்றார். வெள்ளைக் கட்டை மட்டுமே வரும் ஸ்கேலில் ஆரம்பிக்காமல், நீள விரல்கள் கறுப்புக் கட்டையில் இயல்பாக உட்காரும் ஸ்கேலில் ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பழகினால் திட்டுவார். பியானோ வாசிக்க ஆசைப்பட்டால் நல்ல பாடகர்களைப் போய்க் கேள் என்று ஆபராவுக்கு அனுப்புவார்.

எல்லாரும் மெச்சிவிடவில்லை. பெர்லின் விமரிசகர் ரெல்ஸ்டாப், கோணல் விரல் உள்ளவர்களுக்கு ஓபஸ் 10 வாசித்தால் நிமிரலாம், நேரான விரல்காரர்கள் பக்கத்தில் அறுவை டாக்டர் இல்லாமல் இதைத் தொடக் கூடாது என்கிற ரீதியில் கிண்டலடித்தார். விமரிசகர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

எனக்கும் சில மனத்தாங்கல்கள் உண்டு. ஓபஸ் 10ன் இரண்டாவது எத்யூட் இன்றைக்கும் எனக்குப் பயிற்சியாகத்தான் கேட்கிறது. பன்னிரண்டாவதை, வார்சா 1831ல் ரஷ்யர்களிடம் வீழ்ந்த துக்கத்தில் எழுதினார் என்று ஒரு கதை. கதை பிரமாதம், ஆதாரம் கிடையாது. கதை தேவையும் இல்லை. அந்த இடது கை கொந்தளிப்பே போதும்.

லிஸ்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். 15 வயதில், 1826ல், சாதாரணமாகச் சில எத்யூட்கள் எழுதினார். 1839ல் அவற்றையே அசுரத்தனமாக மாற்றி வெளியிட்டார். 1852ல் மூன்றாம் முறையாகத் திருத்தி, தன் குரு செர்னிக்கே சமர்ப்பித்தார். இன்று எல்லாரும் வாசிப்பது இதைத்தான். இதில் அவர் செய்த முக்கியமான வேலை, பல இடங்களில் கஷ்டத்தைக் குறைத்தது! இசை கெடாமல் வெட்ட முடிந்த கஷ்டத்தையெல்லாம் வெட்டினார். இளமையில் சேர்த்துக்கொண்டே போகிறோம், நாற்பதில் எடுக்கக் கற்றுக்கொள்கிறோம். அப்படியும் அவருடைய 'மசெப்பா'வில் குதிரைப் பாய்ச்சல் அதிகம், கவிதை குறைவு என்பேன். லிஸ்ட் ரசிகர்கள் கடிதம் போடலாம்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு: நம்மிடம் வர்ணம் இருக்கிறது.

சரளி, ஜண்டை, அலங்காரம் என்பவை நம் ஹானன். யாரும் சரளி வரிசையை மேடையில் பாடுவதில்லை. வர்ணம் அப்படியில்லை. பத்து வயசுக் குழந்தை 'நின்னுகோரி' மோகன வர்ணத்தை மூன்று காலத்தில் மூச்சு வாங்கப் பழகுகிறது. அதை எழுதியவர் ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரி முறைக்கு உருக்கொடுத்தவர். அந்த முறையில் கச்சேரி ஆரம்பிப்பதே வர்ணத்தில். பாடசாலையிலும் அதுவே, சபாவிலும் அதுவே.

வர்ணங்களின் ராஜா பைரவி அட தாள வர்ணம், பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்த 'விரிபோணி'. சியாமா சாஸ்திரிகளின் குரு அவர். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது இன்னொன்று. வாயால் விளக்கினால் இலக்கணம். அந்த வர்ணத்தைப் பாடினால் பைரவி யார் என்று தெரிந்துவிடும். தொண்டைக்குப் பயிற்சி, மனசுக்கு பைரவி. இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஒப்புமையை ரொம்ப இழுக்கவும் கூடாது. ஷோப்பான் ஒரு விரல் பிரச்னையை எடுத்து அதிலிருந்து கவிதைக்குப் போகிறார். வர்ணம் ஒரு ராகத்தை எடுத்து அதற்காகத் தொண்டையை வளைக்கிறது. புறப்படும் இடம் வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் காலமானது அங்கேதான். ஓபஸ் 10க்கும் ஓபஸ் 25க்கும் நடுவில். இளம் வயதில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம் செய்தவர் அவர். அதே ஊரில் 1904ல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். அதற்கு அவரைத் தூண்டியவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார். நம் கிருதிகளை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் அச்சிட்டவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பியானோ என்றால் நாம் அதிசயப்படுகிறோம். இந்தக் கரிசல் பூமிக்கு அது அவ்வளவு புதுசில்லை.

*

சங்கரன்கோவில் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன்தான் பெரியவர் என்றான் சங்கன். இல்லை, திருமால் என்றான் பதுமன். வழக்கு கோமதி அம்மனிடம் போனது. அம்மன் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். கடைசியில் ஸ்வாமி பாதி சங்கரன் பாதி நாராயணனாக ஒரே உடம்பில் காட்சி கொடுத்தார். அதுதான் ஆடித் தபசு.

ஷோப்பான் எத்யூட் ரெக்கார்டுகளைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டையும் இதே சண்டைதான். மௌரிட்ஸியோ போலினி, 1960ல் வார்சாவில் 18 வயதில் ஷோப்பான் போட்டியில் ஜெயித்தவர். 1972ல் அவர் பதிவு செய்த 24ம் சலவைக்கல் மாதிரி. ஒரு ஸ்வரம் பிசகாது. பதுமன் கட்சி சொல்லும், அதில் ஈரம் இல்லை என்று. அவர்களுக்கு ஆல்ஃப்ரெட் கோர்தோ வேண்டும். 1930களில் பதிவு செய்தார். தப்பு ஸ்வரங்களுக்குப் பேர் போனவர். ஆனால் ஒவ்வொரு எத்யூடும் யாரோ உங்களிடம் அந்தரங்கமாகப் பேசுவது மாதிரி இருக்கும். இதே கோர்தோதான் இந்த எத்யூட்களைப் பழகுவது எப்படி என்று பயிற்சி மேல் பயிற்சியாக ஒரு பதிப்பும் போட்டார். வாசித்தது கவிதை, எழுதிவைத்தது தறி வேலை.

எனக்குப் பிடித்தது மரே பெராயா. கட்டைவிரலில் பட்ட காயம் பெரிதாகி, 1990களில் பலகாலம் வாசிக்க முடியாமல் போனவர். அந்த நாட்களில் பாஹைப் படித்துக்கொண்டிருந்தார். மீண்டு வந்து, இந்த 24ஐயும் பதிவு செய்து 2002ல் வெளியிட்டார். கஷ்டம் இருப்பதே தெரியாது, ஆனால் கஷ்டத்தை அறிந்த கை என்று தெரியும். பாதி சங்கரன், பாதி நாராயணன்.

நாம் எந்தக் கட்சி? சந்தேகமில்லாமல் சங்கன் கட்சி. வேகத்தைத்தான் கைதட்டுகிறோம். 2019ல் நம் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டிவி போட்டியில் 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ'யை முதலில் நிமிஷத்துக்கு 208 பீட்டிலும் பிறகு 325லும் வாசித்து, கடைசியில் பத்து லட்சம் டாலர் பரிசையும் வாங்கிவந்தான். அசாத்திய சாதனை. நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவனைச் சொல்லி ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு பிள்ளைகளை 325 என்ற எண்ணை வைத்து அளக்க ஆரம்பித்தோமே, அதைச் சொல்கிறேன். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் 'சிங்கார வேலனே'வுக்கு வாசித்த நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் வேகத்தை இதுவரை யாராவது மெட்ரோனோம் வைத்து அளந்தார்களா? அசாத்திய வேகம்தான் அது. கேட்கும்போது வேகம் என்று தோன்றாது, ஆபேரி என்று தோன்றும்.

*

தபசு அன்றைக்குத் தறிக்கு லீவு. வீடு நிசப்தம். கோயிலில் ஆடிச் சுற்று சுற்றுகிறவர்களைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினோம். பிராகாரத்தை எண்ணி எண்ணி நூற்றுக்கணக்கில் சுற்றுகிறார்கள். ஒரே பாதை, ஒரே நடை. எண்ணிக்கை மறந்துபோன ஒரு பாட்டியின் முகம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாப்பா அந்த நடுப் பகுதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டை உதறினாள். மறுபடி ஆரம்பித்தாள். ஷோப்பான் சொன்னது, மூன்று மணி நேரக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து அக்கா குரல் கேட்டது. அக்கா பள்ளிக்கூட நாளில் பாட்டுப் படித்தவள். மோகன வர்ணத்தோடு கல்யாணம் ஆகிவிட்டது.

'எதுக்குட்டி அதைப் போட்டு இந்த இடி இடிக்கே? கையை எடு. முதல்ல வாயால பாடு. பாட வந்துட்டா கை தானா வரும்.'

'இதைப் போயி எப்படிம்மா பாட?'

'தெரிஞ்ச மட்டும் பாடு.'

பாடினாள். எல்லா ஸ்வரமும் வரவில்லை, வர வேண்டியவை வந்தன. பிறகு பாதி வேகத்தில் வாசித்தாள். கொஞ்சம் இடறியது. ஆனால் நடுப் புயலைத் தாண்டி, முதன்முதலாக, அந்தப் பழைய மெட்டுக்குத் திரும்பி வந்தாள். அக்கா கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அத்தான் ஜிஎஸ்டி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்வரம் அடங்கினதும் திரும்பினார்.

'என்ன பாப்பா, அதுக்குள்ளயா முடிஞ்சிட்டு?'